நாலாம் ஆளுக்கு ஒரு கல்

தேத்தண்ணிக் கடைக்காரர் நாலு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார்.

அம்பலாங்கொடைக்குக் கொஞ்சம் முன்னால், காலி வீதியின் கடற்பக்கத்தில் இருந்த சின்னக் கடை அது. காலை பத்து மணி. வேனை விட்டு இறங்கியவர்கள் ஐறீன், லவினா, துஷ்யந்தி என்று மூன்றே பேர். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்ததும் அந்த மூன்று பேர்தான். நாலாவது கதிரை வெறுமையாகக் கிடந்தது. ஆனாலும் அந்த மனிதர் நாலாவது கிளாஸை அந்தக் கதிரைக்கு முன்னால் வைத்து, சுடும் என்று ஒரு கடதாசித் துண்டை மடித்து அதைச் சுற்றியும் விட்டார். அந்தக் கவனிப்பு மற்ற மூன்று பேருக்கும் கிடைக்கவில்லை.

"துன் தெனய், அய்யே," மூன்று பேர்தான் என்று லவினா சிங்களத்தில் சொல்லி, மூன்று விரலைக் காட்டினாள்.

அவர் விரலைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். ஏதோ பகிடி விடுகிறார்கள் என்று நினைத்தவர்போலச் சிரித்துவிட்டு, கிளாஸை எடுக்காமலே உள்ளே போனார்.

"சும்மா கிடைச்சத ஏன் விடணும்?" என்று ஐறீன் அந்தக் கிளாஸை எடுத்தாள். எடுக்கும்போதே அது அரைவாசிதான் இருந்தது. ஒரு மிடறு தான் குடித்து, மிச்சத்தை லவினாவிடம் நீட்டினாள். லவினா அதே விளிம்பில் வாயை வைத்துக் குடித்தாள்.

யாராக இருந்தாலும் அந்த நேரத்தில், மிச்சம் அரைவாசியை யார் குடித்தது என்றுதான் யோசித்திருப்பார்கள். துஷ்யந்தி யோசித்தது வேறு. பதினேழு வருடச் சிநேகிதத்தில் ஐறீன் தன்னோடு ஒரு கிளாஸில் குடித்ததில்லையே என்று யோசித்தாள். பயப்பட வேண்டிய இடத்தில் அவளுக்கு வயிறு எரிந்தது. அந்தப் பயணம் முழுக்க அப்படித்தான் நடந்தது.

பயணமே அவளுடையது இல்லை. லவினாவின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒரு பழைய டொல்பின் வேனை வாங்கி, பின்பக்கச் சீற்றுகளில் ஒன்றை விட்டு மற்றதைக் கழற்றி, கட்டில், காஸ் அடுப்பு, கைகழுவும் தொட்டி, மடித்து விரிக்கிற கூரைத் துணி எல்லாம் பூட்டி, வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். பௌர்ணமிப் போயா விடுமுறையோடு சேர்த்து மூன்று நாளுக்கு அது லவினாவுக்குக் கிடைத்தது. கொழும்பிலிருந்து கரையோரமாகவே தங்காலை வரைக்கும் போய்வருவது திட்டம்.

"நானும் லவினாவும் போறோம். நீயும் வாறியா?" என்று ஐறீன் போனில் கேட்டாள். அந்த 'நீயும்' இரண்டு நாளாகத் துஷ்யந்தியின் தொண்டையை விட்டு இறங்கவில்லை. ஒருகாலத்தில் சனிக்கிழமை என்றால் ஐறீன் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வந்துவிடுவாள். இரண்டு பேரும் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு, துஷ்யந்தியின் பிளாற் இருக்கிற ஒழுங்கையின் முடிவில் தண்டவாளத்தைத் தாண்டி, கடலைப் பார்த்துக்கொண்டு கற்பாறையில் இருப்பார்கள். அம்மா செத்த பிறகு துஷ்யந்திக்கு இருந்த ஒரே ஆள் ஐறீன். பல் வைத்தியரின் கிளினிக்கில் நாள் முழுக்க மற்றவர்களின் பெயரைக் கூப்பிடுகிற வேலை அவளுக்கு. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு அந்தச் சனிக்கிழமைதான் இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஐறீனின் அலுவலகத்தில் லவினா வந்து சேர்ந்தாள். சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாகக் கழன்று போயின.

லவினா ஐறீனை 'ஐறீன்' என்றுதான் கூப்பிடுவாள். ஐறீனின் வயதேயான துஷ்யந்தியை மட்டும் 'அக்கா' என்பாள். மரியாதையாம்.

பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் துஷ்யந்தி ஒரு மெசேஜ் அனுப்பினாள். 'மூண்டு பேராப் பயணம் போறது சரியில்லை எண்டு அம்மா சொல்லுறவ, ஞாபகம் இருக்கே?' அப்படியானால் லவினா வேண்டாம், நாங்கள் இரண்டு பேரும் ரயிலில் போவோம் என்று பதில் வரும் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. வந்த பதில், விழுந்து விழுந்து சிரிக்கிற முகம் ஒன்று. அதன் கீழே: 'அப்ப முன்னேஸ்வரம் போன மாதிரி ஒரு கல்லை எடுத்துட்டு வா. நாலாவது ஆள்.'

மூன்று பேராகப் போகவேண்டி வந்தால் வாசலில் ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வது துஷ்யந்தியின் அம்மாவுடைய வழக்கம். கல் நாலாவது ஆள். போய்ச் சேர்ந்ததும், உள்ளே கால் வைக்குமுன்னே, கல்லைத் தூர எறிந்துவிட வேண்டும். முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போன அன்றைக்கு அம்மாவும் துஷ்யந்தியும் ஐறீனும் என்று மூன்று பேர். ஐறீன்தான் கல்லை வைத்திருந்தாள், விபூதி பூசிக்கொண்ட அந்தோனியார் பக்தை. அந்த நினைப்பைக்கூட இப்போது லவினாவுக்கு இடம் கொடுப்பதற்காக எடுத்து வீசுகிறாளே என்று துஷ்யந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விடிய ஆறு மணிக்குக் கல் தேடினாள். பிளாற் வாசல் சீமெந்து. ஒழுங்கை தார். சின்னக் கல் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒழுங்கை முடிவில் தண்டவாளம் இருந்தது, அதற்குக் கீழே வேண்டிய மட்டும் கருங்கல். கோபத்தில் வேண்டுமென்றே பெரிதாக, கைப்பிடி நிறைய ஒன்றை எடுத்தாள். அடிப்பக்கம் மண்ணிறமாகக் கறை பிடித்திருந்தது. துரு என்று நினைத்துப் பாவாடையில் துடைத்தாள்.

மூன்று கிழமைக்கு முன்னால் அந்த இடத்தில்தான் காலை ரயில் ஒரு பெண்ணை அடித்தது. யாரென்று தெரியவில்லை. பொலிஸ் பிளாற் பிளாற்றாக ஏறி விசாரித்தும், அடையாளம் காட்ட ஒருவரும் வரவில்லை. தானும் தெரியாது என்றுதான் துஷ்யந்தி சொன்னாள். ஆனால் அதற்கு முந்திய மூன்று பின்னேரங்களும் அந்தப் பெண் தண்டவாளத்து ஓரமாக நின்று, லைற் எரிகிற ஜன்னல்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததை நாலாம் மாடி பல்கனியிலிருந்து அவள் கண்டிருந்தாள். ஒரு தடவை இரண்டு பேரின் கண்ணும் சந்தித்தன. துஷ்யந்தி திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கல்லை எடுக்கும்போது அது ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து ஒழுங்கைக்குள் வேன் ஹோர்ன் அடித்தது. எட்டிப் பார்த்தாள். முன் சீற்றில் ஐறீனும் லவினாவும் ஒரே நிறத்தில் தொப்பி போட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் மறந்துபோனது.

வேனில் முன்னுக்கு இரண்டு சீற். லவினா ஓட்டினாள், ஐறீன் பக்கத்தில். பின்னால் இருவர் இருக்கக்கூடிய ஒரு நீள இருக்கை, அதற்குப் பின்னால் கட்டில். நீள இருக்கையில் துஷ்யந்தி தனியாக இருந்தாள். முன்னால் அவர்கள் பாட்டுப் போட்டு, அலுவலகத்து ஆட்களின் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். ஒரு பெயரும் துஷ்யந்திக்குத் தெரியாது. பாணந்துறை தாண்டும்போது அவள் பொறுக்க மாட்டாமல் கல்லைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்து, அதற்குக் குறுக்கே சீற் பெல்ற்றை இழுத்துக் கொளுவினாள்.

"என்னடி செய்றா?" என்று ஐறீன் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குத்தான் ஆள் இருக்கே. இது என்ர ஆள்."

"அக்காட ஆளுக்கு ஏசி காணுமா, கூட்டவா?" என்று லவினா கண்ணாடிக்குள்ளால் கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். துஷ்யந்தியும் சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

தேத்தண்ணிக் கடை அதற்குப் பிறகுதான் வந்தது. கடையை விட்டு வேன் புறப்பட்டபோது அவள் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். ஜன்னலால் வெயில் நேராக அதன்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. சீற் சுட்டது, பெல்ற்றின் கொளுக்கி கையைப் பொசுக்கியது, கல் மட்டும் விடியப்புறம் எடுத்தபோது இருந்த அதே குளிரோடு, லேசான ஈரத்தோடு இருந்தது. ஒரு மணமும் வந்தது. ரயில் நிற்கும்போது பிரேக்கிலிருந்து வருமே, கிரீசும் காய்ந்த இரும்பும் சேர்ந்த அந்த மணம். வெளியே கரையோர ரயில் பாதை போகிறது, அங்கேயிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். காலி வீதியில் போகிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். தண்டவாளம் தென்னைகளுக்கு நடுவே தோன்றுவதும், வீடுகளுக்குப் பின்னால் ஒளிவதும், திடீரென்று வீதிக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பதுமாக விடாமல் கூடவே ஓடிக்கொண்டிருந்தது.

வெலிகமையில் சோறும் மீன்கறியும் கட்டிக்கொண்டு, கடற்கரையில் வேனின் கூரைத் துணியை விரித்து அதற்குக் கீழே இருந்து சாப்பிட்டார்கள். ஐறீன் தன் பார்சலில் இருந்த மீன் துண்டை, முள் எடுத்து, லவினாவின் சோற்றில் வைத்தாள். துஷ்யந்தி அதைக் கண்டும் காணாதமாதிரி, தன் சோற்றில் ஒரு பிடி அள்ளி, சோறு சுற்றிவந்த லஞ்ச் சீற்றின் மூலையைக் கிழித்து அதில் வைத்து, கல்லுக்கு முன்னால் தள்ளினாள். "சாப்பிடு. எங்களுக்கு ஆர் தரப்போகினம்."

"சின்னப் பிள்ளை மாதிரி இருக்காதடி," என்றாள் ஐறீன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்து பார்க்கையில் அந்தச் சோறு இல்லை. காகம் தூக்கியிருந்தால் இறைத்திருக்கும். மணலில் ஒரு பருக்கைகூட இல்லை. லஞ்ச் சீற் துண்டு நாலாக மடித்து, பறக்காமல் கல்லுக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தது. சாப்பிட்டு முடித்துத் துஷ்யந்தி மடிக்கிற அதே மாதிரி.

நாலரை மணிக்குத் திக்வெல்லை தாண்டி ஒரு தென்னந்தோட்டத்துக்குள் வேனை விட்டார்கள். கடலுக்கு முகம் பார்த்த சின்ன விருந்தினர் விடுதி ஒன்றின் காணி அது. வேனை நிறுத்தவும், அவர்களுடைய குளியலறையைப் பாவிக்கவும் லவினா முன்கூட்டியே கதைத்து வைத்திருந்தாள். விடுதிக்காரப் பெண் தடித்த கொப்பியோடு வந்து, அடையாள அட்டைகளைப் பார்த்துப் பெயர்களை எழுதினாள். மூன்று எழுதியதும் பேனையைத் தூக்கி, வேனைக் காட்டி, உள்ளே இருக்கிற நங்கியின், அந்தத் தங்கச்சியின், பெயர் என்ன என்று சிங்களத்தில் கேட்டாள்.

ஐறீனும் லவினாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேன் ஜன்னலுக்குள் பெல்ற் போட்ட கல் இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

"அக்காட ஆளைத்தான் கேக்கிறாங்க போல," என்று லவினா சிரிப்பை அடக்கினாள்.

அந்த அடக்கின சிரிப்புத்தான் துஷ்யந்தியைக் கிளப்பிவிட்டது. "என்ர பேரையே எழுதச் சொல்லு," என்றாள் வெடுக்கென்று. பிறகு தானே சிங்களத்தில் சொன்னாள். விடுதிக்காரி 'துஷ்யந்தி' என்று இரண்டாம் தடவையும் எழுதினாள். எழுதிவிட்டு, குளித்துத் துடைக்க நாலு துவாய் கொடுத்தாள்.

"சரி, வந்துட்டோம்தானே. கல்லை எறிஞ்சிடு," என்றாள் ஐறீன். அவளுடைய குரலில் கொஞ்சம் அவசரம் இருந்தது.

"எங்க வந்து சேர்ந்தோம்?" என்றாள் லவினா. "வீடே எங்களோடதானே வருது. நாளைக்கு இன்னோர் இடம். திரும்பி வீட்டுக்குப் போயே எறியலாம்."

லவினா சொன்னதாலேயே அதை மறுக்க வேண்டும் போலிருந்தது துஷ்யந்திக்கு. ஆனால் கல்லை எறிந்தால் அந்த நீள இருக்கையில் அவள் மட்டும்தான். "கிடக்கட்டும்," என்றாள். அம்மா இருந்திருந்தால் கையைத் தட்டியே விழுத்தியிருப்பாள்.

அவர்கள் இரண்டு பேரும் கடலில் குளிக்கப் போனார்கள். துஷ்யந்தி தலையிடி என்று சொல்லிவிட்டு வேனுக்குள் கட்டிலில் படுத்தாள். தகரத்தில் தென்னோலை உரசுகிற சத்தம். காஸ் அடுப்பின் மணம், ஈர மரத்தின் மணம், அவற்றுக்கெல்லாம் கீழே அந்த இரும்பு மணம். மாத்தறையோடு கரையோரத் தண்டவாளம் உள்நாட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டது. இங்கே ரயில் இல்லை. மணம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கண்ணயர்ந்து விழித்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. வெளியே கூரைத் துணிக்குக் கீழே அடுப்பில் நூடில்ஸ் கொதித்தது. அவர்கள் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வேனின் தகரம் ஒரு சொல்லையும் தடுக்கவில்லை.

"துஷி அக்காவுக்கு நீ எப்ப சொல்லப் போறா?"

"திரும்பிப் போனாப் பிறகு. இப்ப சொன்னா ட்ரிப்பே நாசம்." அது ஐறீனின் குரல். "மே மாசம் மெல்பேண் போறோம்னு அவள்ட எப்படிடி சொல்றது? ரெண்டு பேருக்கும் ஒண்டா விசா வந்திருக்கு, ஒரே வீட்டுல இருக்கப் போறோம்னு சொன்னா அவ செத்துடுவா."

"பாவம்."

"பாவம்தான். பாவம் பாத்துத்தான் இதுக்கும் கூப்பிட்டேன். கூப்பிடாமலே விட்டிருக்கலாம்."

துஷ்யந்திக்கு உடம்பு முழுக்கக் கொதித்தது. ஆனால் ஐறீன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் ஐறீனையும் இழக்க வேண்டி வரும். ஆகவே அந்தச் சொற்களை ஐறீனின் வாயிலிருந்து எடுத்து லவினாவின் வாயில் வைத்தாள். அவள்தான் சொல்லிக் கொடுத்திருப்பாள். அவள்தான் விசாவுக்கும் இழுத்திருப்பாள். வந்து ஆறு மாதம். பதினேழு வருடத்தைத் தின்றுவிட்டாள்.

எழுந்து நீள இருக்கைக்கு வந்தாள். கல்லின்மேல் கையை வைத்தாள். அதன் குளிர் கொதிப்புக்கு இதமாக இருந்தது. குனிந்து, உதடு அதில் முட்டுகிற அளவுக்கு வந்து, சொன்னாள்.

"எங்களுக்குள்ள கூடுதலா இருக்கிற ஆளை எடு. எடுத்திட்டு, அந்த இடத்தில நீ இரு."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே லவினாவின் சிரிப்புக் கேட்டது. சீ, என்ன பைத்தியம் என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பவும் கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தாள்.

க்ளிக்.

பெல்ற் கொளுக்கி கழன்ற சத்தம்.

கழன்ற பெல்ற் மெதுவாகச் சுருண்டு உள்ளே போனது. முழுதாகப் போய் முடிந்தது. பிறகு தரையில் ஓர் அடி. ஈரமான வெறும் பாதம். பிறகு இன்னோர் அடி. இரும்பு மணம் வாய்க்குள்ளேயே வந்துவிட்டது. கட்டிலின் விளிம்பு ஓர் ஆள் பாரத்துக்குத் தாழ்ந்தது.

துஷ்யந்தி திரும்பவில்லை. திரும்பினால் பார்க்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு. அவளுடைய மூச்சோடு சேர்ந்து போனது. அவள் மூச்சை அடக்கினாள்.

அது அடக்கவில்லை.

"துஷி! சாப்பிட வா!" என்று வெளியே ஐறீன் கூப்பிட்டாள்.

வாயைத் திறந்தாள். உதடு அசையவில்லை. நாக்கு இருந்த இடம் தெரியவில்லை. காலைத் தேடினாள். கால் இல்லை. எங்கும் குளிர். எங்கும் பாரம்.

"ஓம், வாறன்," என்றது அவளுடைய குரல்.

கட்டில் நிமிர்ந்தது. ஒரு கை அவளைத் தூக்கியது. முழு ஆளையும், ஒரு கையால். நீள இருக்கையில் வைத்து, பெல்ற்றை இழுத்துக் குறுக்கே மாட்டியது. முகம் தெரியவில்லை. அவளுடைய பச்சைச் சால்வை தெரிந்தது. அவளுடைய கொண்டை ஊசி. வேனின் கதவு திறந்து மூடியது.

வைத்த பக்கம் ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே லாம்பு வெளிச்சத்தில் மூன்று பேர், மூன்று கோப்பை. வேறு பக்கம் பார்க்க முடியவில்லை.

துஷ்யந்தி கத்தினாள். கத்துவதற்கு அவளுக்குள் எல்லாம் இருந்தது, வாய் மட்டும் இல்லை.

சாப்பாட்டின் நடுவே ஐறீன் கோப்பையைக் கீழே வைத்தாள். பச்சைச் சால்வையோடு இருந்தவளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, திரும்பிப் போன பிறகுதான் சொல்வேன் என்றிருந்ததை, அங்கேயே அப்போதே சொன்னாள். மெல்பேண். மே மாசம். லவினாவும். சொல்லும்போது அழுதாள்.

"அதுக்கேன் அழுறாய்?" என்றது அந்தக் குரல். "போயிட்டு வா. நான் எங்க போகப்போறன்? இங்கதான் இருப்பன்."

துஷ்யந்தியால் ஒரு நாளும் சொல்லியிருக்க முடியாத பதில் அது. ஐறீன் எழுந்து வந்து அதைக் கட்டிப்பிடித்தாள். கன்னத்தோடு கன்னம் வைத்து, கண்ணை மூடி, இத்தனை வருடத்தில் துஷ்யந்தியை ஒரு நாளும் பிடிக்காத பிடி. "நீ கோவிப்பான்னு நெனச்சு எவ்வளவு பயந்தேன் தெரியுமா?" என்று விம்மினாள். லவினாவும் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "தாங்ஸ், துஷி," என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

இவ்வளவு நடந்தும், ஜன்னலுக்குள் இருந்த துஷ்யந்திக்குப் பயத்தைவிடப் பெரிதாக எரிந்தது அந்தப் பழைய எரிச்சல்தான். தன் குரலின்மேலும் தன் சால்வையின்மேலும் அவளுக்குப் பொறாமை வந்தது.

அடுத்த இரண்டு நாளும் அவர்கள் தங்காலை வரை போனார்கள், குளித்தார்கள், படம் எடுத்தார்கள். நீள இருக்கையில் அது அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. முன்னால் பாட்டுப் போட்டால் கூடப் பாடியது. அலுவலகத்து ஆட்களின் பெயரெல்லாம் கேட்டுக் கேட்டுச் சிரித்தது. ஒருதடவை மட்டும், திரும்பி வரும் வழியில், ஐறீன் பின்னால் வந்து கல்லைக் கையில் எடுத்தாள்.

"அடியே, இது சுடுது." புரட்டிப் பார்த்தாள். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். "வேர்த்திருக்கு துஷி. கல்லு வேர்க்குமா?"

ஐறீன். நான்தான், துஷி. ஐறீன். ஐறீன்.

ஐறீனின் நெற்றி சுருங்கியது. ஒரு நொடி அவளுடைய கண் கல்லுக்குள்ளேயே பார்ப்பதுபோல இருந்தது. "முன்னேஸ்வரம் போனப்ப…" என்று எதையோ சொல்லத் தொடங்கினாள்.

"வெயில்ல கிடந்ததெல்லே," என்று அது மெதுவாகக் கையை நீட்டிக் கல்லை வாங்கிக்கொண்டது. "தா. நான் வச்சிருக்கிறன்."

மூன்றாம் நாள் பின்னேரம் ஐந்தரைக்கு வேன் வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் திரும்பியது. கடலுக்குமேல் சூரியன் இன்னும் இருந்தது. லவினா வேனை ஓரங்கட்டினாள். "இப்ப வந்து சேர்ந்தாச்சு," என்றாள். "எறிஞ்சிட்டு வா துஷி. மேல போய் தேத்தண்ணி குடிப்போம்."

"எறியக்கூடாது," என்றது அது. "எடுத்த இடத்திலயே வைக்கோணும்."

தனியாக ஒழுங்கை முடிவுக்கு நடந்து, தண்டவாளத்தருகில் குந்தியது. கருங்கற்களுக்கு நடுவே குழி பறித்து, துஷ்யந்தியை வைத்து, பிளாற்றைப் பார்த்தபடி திருப்பியது. அப்போதுதான் அவள் முகத்தைக் கண்டாள். எல்லாம் அவளுடையதே. இடது புருவத்துக்குமேல் இருந்த மச்சம்கூட. கண் மட்டும் வேறு. மூன்று பின்னேரம் அண்ணாந்து ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்த கண்.

"கதவைச் சாத்திப்போட்டுப் போனீர்தானே," என்றது.

"துஷி, வாடி!" என்று ஐறீன் ஒழுங்கையிலிருந்து கூப்பிட்டாள். அது எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு ஓடியது. ஐறீன் அதன் கையோடு கை கோத்துக்கொண்டாள். மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

நாலாம் மாடியில், தேத்தண்ணி ஊற்றுகிற குசினியில் லைற் எரிந்தது. திரைச்சீலையில் மூன்று நிழல்கள் போய் வந்தன. அதில் ஒன்று பல்கனிக்கு வந்து, துஷ்யந்தியின் ஈரத் துவாயைக் கொடியில் போட்டு, இரண்டு கிளிப் குத்தியது. கீழே, சரியாக அவள் இருந்த இடத்தைப் பார்த்தது. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தியது.

பக்கத்தில் இருந்த கல் மூச்சு விட்டது. அதற்குப் பக்கத்துக் கல்லும்.

தண்டவாளம் மெல்ல அதிரத் தொடங்கியது. தெஹிவளைப் பக்கமிருந்து ஹோர்ன் சத்தம் கேட்டது. துஷ்யந்தி கண்ணை மூடப் பார்த்தாள், முடியவில்லை. மேலே அவளுடைய வீட்டில் யாரோ அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட, யாரோ ஓம் என்றார்கள்.